கன்னத்து வெள்ளை

பெண்ணின் போட்டோவில் கொஞ்சம் கலர் ஏற்றிக் கொடுங்கள் என்று வருகிறவர்களை ரீனா பக்கம் அண்டவே விடமாட்டார் இஷாக். விட்டால் சண்டைதான். போன மாதம் ஒரு தகப்பனார், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பணும் என்று இளித்துக்கொண்டு நின்றார். "உங்க பொண்ணு கலரு இதான். தாலி கட்டுறப்ப நான் பக்கத்துல உக்காந்து ரீடச் பண்ண முடியுமா?" என்று கேட்டுவிட்டாள் ரீனா. போன மனுஷன் போனவர்தான், அப்புறம் அந்தப் படி ஏறவில்லை.

"வாய் மட்டும் இல்லேன்னா ஒன்னைய நாய் தூக்கிட்டுப் போயிரும் பிள்ள" என்று இஷாக் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் வேலையை விட்டு நிறுத்தவில்லை. அவள் கை அப்படி. மானிட்டரில் பளிச்சென்று தெரிகிற முகம் காகிதத்துக்குப் போனால் எப்படி இறங்கும், எந்தச் சிவப்பு மஞ்சளாகும், எந்த நிழல் கரியாகும் என்று அவளுக்குப் பார்த்ததும் தெரியும். அவளுக்கென்று ஒரு சட்டமும் இருந்தது. ஒரு வாரத்தில் தானாகப் போகிறது எதுவோ அதை எடுக்கலாம். ஆளோடு இருக்கிறதைத் தொடக்கூடாது. பருவை எடுப்பாள், மருவை விடுவாள்.

கடை திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், பிரியாணிக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. பதினோரு மணியானால் தம் உடைத்த வாசம் படியேறி வந்து கம்ப்யூட்டர் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். கடையில் மூன்றே பேர். முதலாளி இஷாக், கவுண்டரில் ஷப்னம், ரீடச்சுக்கு ரீனா. ரீனா பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ். அவள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். அதைச் சொல்லிக்கொள்வதில் அவளுக்குக் கூச்சமே கிடையாது. சொல்லாமல் விட்டது வேறு ஒன்று.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு இஷாக் கேட்டார், "அம்மா என்ன பண்றாங்க?"

"ஸ்கூல்ல இருக்காங்க."

"டீச்சரா? அதான் பிள்ள சோதனைக்குக் கொடுத்த கல்யாணப் பத்திரிகைய ஒரு தப்பில்லாம அடிச்சிருச்சு!"

ரீனா ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. வாய் திறந்தால் ஊரையே கிழிக்கிற பிள்ளை அந்த ஒரு இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டாள். மறுநாளே ஷப்னம், "டீச்சர் பொண்ணு, இந்த இங்கிலீஷை வாசிச்சுச் சொல்லுடி" என்று ஆரம்பித்துவிட்டாள். இரண்டு வருஷமாக அவள் டீச்சர் பொண்ணு. கடைப் பக்கம் வராதே, ஓனர் திட்டுவார் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தாள். திட்டாத இஷாக்குக்கு அது ஒரு அநியாயம்.

அவள் அம்மா செபாஸ்தியம்மாள் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தாள். இருபத்தாறு வருஷமாக ஆயாவாக. சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து விடிந்தும் விடியாமல் டவுன் பஸ் பிடித்துப் போய், பதினாலு வகுப்பு கூட்டி, கக்கூஸ் கழுவி, எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குக் கால் கழுவி விட்டுச் சாயங்காலம் திரும்புவாள். அந்தச் சம்பளத்தில்தான் ரீனா படித்தாள்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இந்த வருஷம் பொன்விழா. மலர் அச்சடிக்கும் வேலை இஷாக்கிடம் வந்தது. ஊரில் இத்தனை கடை இருக்க இங்கேதானா வரவேண்டும் என்று இருந்தது ரீனாவுக்கு.

"உங்கம்மா எந்த ஸ்கூலு, இதா?" என்று ஷப்னம் கேட்டாள்.

"இல்ல, சாணார்பட்டிப் பக்கம்" என்றாள் ரீனா.

முன்னே வாய் மூடியிருந்ததற்கு இப்போது வட்டி சேர்ந்தது.

படங்களை எடுத்திருந்தவர் அந்தப் பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர் இருதயநாதன். ஸ்டாஃப் ரூம் டியூப்லைட்டுக்குக் கீழே நிறுத்தி நாற்பத்து மூன்று பேரையும் சுட்டுத் தள்ளியிருந்தார். எல்லார் முகத்திலும் குளத்துப் பாசி மாதிரி ஒரு பச்சை. தலைமை ஆசிரியை சிஸ்டரின் வெள்ளை உடையைக் கணக்கு வைத்து ரீனா ஒவ்வொன்றாகப் பச்சையை இறக்கினாள். அச்சுக்குப் பெரிதாக ஒரு காப்பி, பள்ளிக்கூட வெப்சைட்டுக்குச் சின்னதாக ஒரு காப்பி. வாட்ச்மேன் மரியராஜ் முகத்தில் அம்மைத் தழும்பு குழிகுழியாக இருந்தது. அதில் ஒரு குழியைக்கூட அவள் நிரப்பவில்லை. நாற்பத்திரண்டு முகம் அப்படி நேர்மையாக முடிந்தது.

நாற்பத்து மூன்றாவது அம்மா.

நீலச் சீருடைப் புடவை, படிய வாரிய தலை, ரேஷன் கார்டுக்கு எடுக்கிற மாதிரி ஒரு முறைப்பு. இடது கன்னத்தில் எட்டணாக் காசு அகலத்துக்கு ஒரு வெள்ளை. ஆறு வருஷத்துக்கு முன்னால் கக்கூஸ் கழுவும்போது ஆசிட் தெறித்துத் தோல் வெளுத்துப்போன இடம். கறுத்த கன்னத்தில் அது தனியாகத் தெரியும். ரீனா மானிட்டரை லேசாகச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். கறுப்பு கிடக்கட்டும். அந்த நெற்றி, அந்தச் சப்பை மூக்கு, மேலுதடு லேசாகத் தூக்கியிருக்கிற வாய் எல்லாம் அவளுடையவை. ஊரில் யார் பார்த்தாலும் ஆத்தாளை அப்படியே உரிச்சு வச்சிருக்கு என்பார்கள். ஷப்னம் எந்த நேரமும் பின்னால் வந்து தோளில் தாடையை வைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறவள்.

அந்த வெள்ளையை எடுத்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தாள். சுற்றியிருக்கிற கறுப்பை அதன்மேல் இழுத்து மூடினால் அழுக்குத் துணியில் ஒட்டுப் போட்ட மாதிரி இருந்தது. வெள்ளையைக் கறுப்பாக்குவதைவிடக் கறுப்பை வெள்ளையாக்குவது சுலபம். முகம் முழுவதையும் அந்த எட்டணா இடத்தின் நிறத்துக்குத் தூக்கினாள். தூக்கினதும் கை நிற்கவில்லை. சுருக்கத்தைத் தேய்த்தாள். மூக்கை இரண்டு பக்கமும் தட்டிச் சின்னதாக்கினாள். உதட்டை இறக்கினாள். கறுத்த முகம் காகிதத்தில் இன்னும் இறங்கும், தூக்கித்தானே ஆகணும் என்று தனக்கே நியாயம் சொல்லிக்கொண்டாள். வெப்சைட் காப்பிக்கும் அதையே வைத்தாள். அதில் காகிதம் ஏது, மை ஏது? அதைக் கேட்க அப்போது பக்கத்தில் ஆள் இல்லை.

முடிந்தபோது திரையில் யாரோ ஒரு பொம்பளை இருந்தாள். பரோட்டா மாவைப் பிசைந்து பிடித்து வைத்த மாதிரி வெளேரென்று, வழவழவென்று. ரீனா அதைச் சேமித்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

அச்சுக்குப் போகும் முன் பார்த்துச் சரி சொல்ல ப்ரூஃப் பள்ளிக்கூடத்துக்குப் போனது. வெள்ளிக்கிழமை காலையில் ஷப்னம் போனை எடுத்தாள். கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பாய், நாப்பத்து மூணாவது போட்டோ ஆள் மாறிருச்சாம். அவங்க ஸ்கூல்ல அப்படி ஒரு ஆளே கெடையாதாம்."

"மாற வாய்ப்பே இல்லையே" என்றார் இஷாக்.

"சாரு நேர்லயே கூட்டிட்டு வாராராம், அந்த ஆயாவ."

ரீனா பழைய படத்தை எடுத்து மாற்றிவிடலாம் என்று மவுஸைத் தேடினாள். அதற்குள் கீழே மொபெட் நின்ற சத்தம் கேட்டது. இருதயநாதன் சார் மூச்சு வாங்க முதலில் வந்தார். அவருக்குப் பின்னால் நீலப் புடவை.

இரண்டு வருஷமாக வராதே வராதே என்று சொன்ன கடைக்கு ஒரு வழியாக வரக் கிடைத்த சந்தோஷத்தில், வாயெல்லாம் பல்லாகத்தான் செபாஸ்தியம்மாள் படியேறி வந்தாள். தலையில் புதுசாக ஒரு முழம் கனகாம்பரம் வேறு. கண் நேராக மகளைத் தேடிப் பிடித்தது. ரீனா சட்டென்று கீபோர்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். ஒரு நொடிதான். மறுபடி நிமிர்ந்து பார்த்தபோது அம்மா முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. முந்தானையை எடுத்து வியர்வையைத் துடைக்கிற மாதிரி அதையும் சேர்த்துத் துடைத்துவிட்டிருந்தாள்.

"வாங்க சார், உக்காருங்க" என்று இஷாக் நாற்காலியை இழுத்துப் போட்டார். சாருக்கு டீ சொன்னார். செபாஸ்தியம்மாள் கவுண்டரை ஒட்டி நின்றாள்.

சார் ப்ரூஃபை விரித்தார். "நீங்களே பாருங்க பாய். இவங்களும் அதுவும் ஒரே ஆளா?"

இஷாக் படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "யா அல்லாஹ்!"

"இருக்கட்டும் சார்" என்றாள் செபாஸ்தியம்மாள். "நல்லாத்தேன் இருக்கு. ஆசிட்டு ஒரு பொட்டு எடத்துலதேன் பண்ணுச்சு. இந்தப் பாப்பா மீதி வேலைய முடிச்சுவிட்டிருக்கு, அம்புட்டுதேன்."

சார் சிரித்தார், "நல்லா வேணும் டீச்சர் பொண்ணு" என்று ஷப்னம் சிரித்தாள், இஷாக்கும் சிரித்துவிட்டார். பாப்பா என்ற அந்தச் சொல் யாரோ ஒரு பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி வந்து ரீனாவின் மேல் விழுந்தது.

"ஏன் பிள்ள," என்று இஷாக் திரும்பினார், "பொண்ணு பாக்குற போட்டோவுக்குக் கலர் ஏத்தச் சொன்னா ஊரைக் கூட்டுவ. பாவம், இவங்க கேட்டாங்களா ஒன்னைய? ஆயான்னா என்னத்தையும் பண்ணலாம்னு நெனச்சியா?"

"திட்டாதீக பாய். சின்னப்பிள்ள. தெரியாம செஞ்சிருக்கும்" என்றாள் அம்மா.

தெரியாமலா? ரீனா ப்ரூஃபைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஆள் இருக்கப்பவே ஆளைப் பாத்துச் சரி பண்ணு. நாலு மணிக்குள்ள அச்சாபீசுக்குப் போகணும்" என்றார் இஷாக். "நீங்க அந்தப் பிள்ள பக்கத்துல போய் நில்லுங்கம்மா."

நில்லுங்கம்மா என்றார். நின்றாள். ரீனாவின் சுழல் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது, அதன்மேல் கேமரா பை இருந்தது. பையை எடுத்துக் கீழே வைத்தால் போதும். கூட்டிக் கூட்டி வீங்கிப்போன அந்தக் காலை ராத்திரி தைலம் போட்டுத் தேய்த்து விடுகிறவள் ரீனாதான். இருந்தாலும் பையை எடுக்கக் கை நீளவில்லை. எடுத்தால் ஷப்னம் பார்ப்பாள், என்னடி ஆயாவுக்கு இம்புட்டு மரியாதை என்பாள் என்று ஒரு புத்தி. அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று இன்னொரு புத்தி. இரண்டும் அடித்துக்கொண்டிருக்க அம்மா இருபது நிமிஷம் நின்றுகொண்டே இருந்தாள்.

முதலில் வந்த படத்தைத் திறந்து பச்சையை இறக்கினாள். கறுப்பில் ஒரு சூடு வந்தது. நிறம் சரியா என்று பார்க்கத் திரும்பினால், ஒரு முழம் தூரத்தில் அம்மாவின் கன்னம். இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பார்த்ததில்லை. கண்ணோரத்தில் மூன்று கோடு. நாலாவது இப்போதுதான் விழ ஆரம்பித்திருந்தது. அம்மா மட்டும் அவளைப் பார்க்கவேயில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காகிதத்துல கொஞ்சம் கறுத்துத் தெரியும். அதுக்காக நிழலை மட்டும் ஒரு சொட்டு தூக்குறேன்" என்றாள் ரீனா. குரல் யாருடையதோ மாதிரி வந்தது.

"செய்ங்க பாப்பா. உங்களுக்குத் தெரியாததா."

உங்களுக்கு. ரீனாவின் கண் எரிந்தது.

சார் டீயை உறிஞ்சிக்கொண்டே, "அந்த வெள்ளைய மட்டும் எடுத்துருமா. பொன்விழா மலர்ல பாக்க என்னமோ போல இருக்கு" என்றார்.

"அது இருக்கட்டும் சார்" என்றாள் அம்மா. "எல்.கே.ஜி. பிள்ளைக என்னைய நிலா ஆயான்னுதான கூப்புடுதுக. படத்துல நிலா இல்லேன்னா எதுவும் நம்பாதுக."

சார் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டார். ஆசிட் பட்ட அப்புறம்தான் பள்ளிக்கூடத்தில் கையுறையே வாங்கினார்கள் என்பது அவருக்கும் தெரியும். பேச்சை மாற்றுகிற மாதிரி, "ஆயா மகளும் இந்த மாதிரி ஏதோ கம்ப்யூட்டர் வேலைதான பாக்குது? டிகிரி முடிச்சிருக்குல்ல? எங்க இருக்கு இப்ப?" என்றார்.

ரீனாவின் விரல் மவுஸ் மேலேயே நின்றது. இப்போது சொல்லிவிடலாம். ஒரே ஒரு வார்த்தை. வாயைத் திறந்தாள்.

"ஆமா சார்," என்றாள் செபாஸ்தியம்மாள், "கோயமுத்தூர்ல இருக்கு."

திறந்த வாயை ரீனா மூடிக்கொண்டாள்.

அச்சுக் காப்பியும் வெப்சைட் காப்பியும் எடுத்தாயிற்று. அம்மா பொறுமையாக ஒவ்வொரு எழுத்தாக ப்ரூஃபில் கையெழுத்துப் போட்டாள். கிளம்பும்போது, "வாரேன் பாய். வாரேன் பாப்பா" என்றாள். சார் முன்னால் இறங்கினார், அவள் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாகப் பின்னால் இறங்கினாள். ரீனா எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா வழக்கம்போல உலை வைத்திருந்தாள். வெஞ்சனத்துக்கு அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். கனகாம்பரம் தலையில் இல்லை. ரீனா செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றாள்.

"ஏம்மா தெரியாத மாதிரி இருந்த?"

"நீதேன முதல்ல தெரியாத மாதிரி இருந்த. நான் படியேறி வாரப்பவே ஒம் மூஞ்சி சொல்லிருச்சு."

"நீயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"எதைச் சொல்ல? டீச்சர் பொண்ணுன்னு அந்த முஸ்லிம் பிள்ள ஒன்னையக் கூப்புட்டுச்சே, நான் நிக்கிறப்ப. காதுல விழாமலா இருக்கும்?" அம்மா அரிவாள்மனையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பொய்யின்னு தெரிஞ்சா வேலையவிட்டு எடுத்துருவாகளோன்னு பயந்துட்டேன். நானும் ஒரு பொய்யச் சொன்னேன்."

ரீனாவுக்கு அழுகைக்கு முன்னால் கோபம் வந்தது. அவளுக்கு எப்போதும் அதுதான் முதலில் வரும். யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

"நாளைக்குச் சாயங்காலம் கோயிலுக்குப் போகணும்" என்றாள் அம்மா. "சாமியார்ட்டப் பாவத்தச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணாம ஞாயித்துக்கெழமை பொன்விழாப் பூசையில நான் எப்படி நாக்க நீட்டி நன்மை வாங்குறது? பெத்த பிள்ளைய இல்லைன்னு சொல்லிருக்கேனே."

"நீயா சொன்ன? நான்தான..."

"ஒம் பாவத்த நான் சொல்ல முடியாது ஆத்தா. எம் பங்க நான் சொல்லிக்கிறேன். கைகால் கழுவிட்டு வா, சாப்புடு."

மறுநாள் காலையில் கடைக்குப் போனதும் பையைக்கூட வைக்காமல், "நேத்து வந்த ஆயா எங்கம்மா" என்றாள் ரீனா. யாரையும் பார்க்காமல் ஸ்டூலைப் பார்த்துச் சொன்னாள். கேமரா பை இன்னும் அதன்மேலேயே இருந்தது.

ஷப்னம் லேமினேஷன் மெஷினை நிறுத்தினாள்.

"ஏன் பிள்ள, நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவங்களுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்திருப்பேன், ஒரு ஸ்டூல் போட்டிருப்பேன்ல?" என்றார் இஷாக்.

ரீனாவுக்குச் சுருக்கென்று ஏறியது. "ஏன், எங்கம்மாவா இருந்தாத்தான் போடுவீங்களோ? ஆயாவா வந்தா நிக்கணுமோ?"

இஷாக் அவளையே பார்த்தார். அவர் குரலை உயர்த்தவில்லை. "நான் போடல, தப்புதான். ஒம் பக்கத்துலதான இருந்துச்சு ஸ்டூலு. நீ போட்டியா?"

ரீனா போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். மத்தியானம்வரை ஷப்னம் அவளை எந்தப் பேர் சொல்லியும் கூப்பிடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வந்து தன் டப்பாவை அவள் பக்கம் தள்ளினாள். "தின்னுடி" என்றாள். அந்த இரக்கம் அவள் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்கிற மாதிரி இருந்தது.

அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு ரீனா சாயங்காலம் கோயிலுக்கு வந்தாள். அவள் பாவசங்கீர்த்தனம் பண்ணிப் பல வருஷம் ஆயிற்று. சாமியார்களோடும் அவளுக்குச் சண்டை உண்டு. பொன்விழாவுக்கு முந்தின நாள் என்பதால் வரிசை நீளமாக இருந்தது. டீச்சர்கள், பெரிய வகுப்புப் பிள்ளைகள், வாட்ச்மேன் மரியராஜ் என்று பள்ளிக்கூடமே நின்றது. கிட்டத்தட்டக் கடைசியில் அம்மா. அவளுக்கு முன்னால் இருதயநாதன் சார்.

ரீனா போய் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீ அந்த ஸ்டூடியோப் பிள்ளையில்ல?" என்றார் சார்.

"ஆமா சார்." வேண்டுமென்றே எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். கோயிலுக்குள் அது இன்னும் சத்தமாகக் கேட்டது. "இவங்க மகதான் சார் நான். அவங்க போட்டோவ வெளுத்து வச்சதும் நான்தான். அம்மான்னு தெரிஞ்சேதான் செஞ்சேன்."

சார் அவளையும் அம்மாவையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். சப்பை மூக்கு, தூக்கின மேலுதடு. நேற்று ஒரு மணி நேரம் பார்த்தும் தெரியாதது இப்போது அவருக்குத் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். ரீனாவுக்கு முகம் கொதித்தது. சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்து வந்தாள். இறங்கவில்லை. நடுச்சந்தையில் துணி இல்லாமல் நிற்கிற மாதிரிதான் இருந்தது.

செபாஸ்தியம்மாள் முக்காட்டைச் சரி செய்துகொண்டே, தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

"கோயமுத்தூர்லருந்து எப்ப வந்த?"

கோயமுத்தூர்ப் பேச்சைச் சாரிடம் கேட்டிருந்த மரியராஜ் முன்னால் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். ரீனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "இப்பத்தாம்மா" என்றாள்.

வரிசை ஒரு ஆள் நகர்ந்தது. "அதான் நானே சொல்லிட்டேன்ல. நீ ஏம்மா இன்னும் நிக்கிற? வா, வீட்டுக்குப் போவோம், கால் வலிக்கும்" என்று ரீனா அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"நீ சொன்னது ஒன்னோடது" என்றாள் அம்மா. கையை உருவிக்கொள்ளவில்லை. "நான் சொன்ன பொய்ய நான்தேன் சொல்லணும். செத்த நேரம் இரு."

ரீனா இருந்தாள். சுவரோரமாக ஒரு பெஞ்சு காலியாகக் கிடந்தது. இரண்டு கையாலும் அதைத் தரையில் தேய இழுத்துக்கொண்டு வந்து அம்மாவுக்குப் பின்னால் போட்டாள். கோயில் முழுக்க அந்தச் சத்தம் கேட்டது.